போத்தலில் யார் பெயர்?

நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு ஈப்போவில் ஒரு வணிகர் சங்க விருந்து. வட்ட மேஜை, பத்து நாற்காலி. முதல் தட்டு வருவதற்குள் மேடையில் ஏழு பேருக்குப் பொன்னாடை! பசியில் எனக்குக் கண் இருட்டியது... இதற்கா டிக்கெட் வாங்கினோம்?

நான் போனது என் தோழி சரசுவுக்காக. பக்கத்து ஊர் செமோரில் வீட்டுக்குப் பின்னால் நெத்திலி சம்பல் கிண்டி, போத்தலில் அடைத்து விற்கிறாள். கூட நாலு பெண்கள். ‘சரசு சம்பல்’ கோப்பெங் கடைகள் வரைக்கும் போகிறது. இப்போது சிங்கப்பூருக்கும் அனுப்ப ஆசை. ஆனால் அங்குள்ள இறக்குமதிக் கம்பெனிகள் முன்பின் தெரியாதவர்களுக்குப் பதிலே போடுவதில்லை; ஒன்றே ஒன்றுதான் பாதி சம்மதித்திருந்தது. யாராவது பெரிய மனிதர் சொல்ல வேண்டுமாம்.

பெரிய மனிதர் எங்கள் மேஜைக்கே வந்தார். டத்தோ பட்டம் வாங்கியவர்; சங்கத்தில் இவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. சரசு கொண்டுவந்த சம்பலை ஒரு கரண்டி ருசி பார்த்தார்.

“செடாப்லா, நல்ல ருசி! நான் ஒரு போன் போட்டா போதும்மா, அடுத்த மாசமே சிங்கப்பூர் கடையில இருக்கும்.”

சரசுவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

“ஆனா, லேபில்ல எங்க கம்பெனி பேரு போட்டுக்க. உன் பேரு அங்க யாருக்குத் தெரியும்?”

மேஜையே தலையாட்டியது. “ரெஜக்கிம்மா, அதிர்ஷ்டம் தேடி வருது, விட்டுடாத” என்று ஒருவர் அட்வைஸ் வேறு.

சரசு எழுந்து நின்றாள். “டத்தோ, தோட்டத்துல காலம்பற பெரட்டுல வரிசையா நிக்க வச்சு ஆள் எடுக்கறப்போ எங்கம்மாவ நம்பர் சொல்லித்தான் கூப்புட்டாங்க. கடைசி வரைக்கும் நம்பர்தான். என் போத்தல்ல என் பேருதான் இருக்கும். வேற பேரு வேணாம்லா.”

நான் கை தட்டிவிட்டேன். கூடச் சேர ஒரு கை வரவில்லை. கோழைகள்!

அப்புறமென்ன? பாதி சம்மதித்திருந்த அந்தச் சிங்கப்பூர் கம்பெனியும் “டத்தோ வழியாக வாருங்கள்” என்று ஒதுங்கிக்கொண்டது. தொழிலுக்கு நெட்வொர்க் முக்கியம் என்று ஹோட்டலில் கருத்தரங்கு போட்டுச் சொல்கிறார்கள். வாஸ்தவம்தான். தெரிந்தவர் இல்லாமல் சின்னக் கம்பெனி எல்லை தாண்டாது. ஆனால் அந்தத் தெரிந்தவரே நடுரோட்டில் டோல் போட்டு உட்கார்ந்தால்?

சரசு பிறந்த தோட்டம் இன்று வரிசை வீடுகள் எழும்பித் தாமான் ஆகிவிட்டது. ஜனங்கள் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். கோயில் திருவிழாவுக்காக ஆரம்பித்த வாட்ஸ்அப் குழுவில் மட்டும் எல்லோரும் இருக்கிறார்கள். வேறு வழியில்லாமல், கூச்சத்தோடு, அதில் சம்பல் படத்தைப் போட்டாள். ஐந்து நிமிடத்தில் போன் — சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் மளிகைக் கடை வைத்திருக்கும் மணி அண்ணே. ஒரு காலத்தில் தோட்டத்து லயத்தில் சரசுவுக்குப் பக்கத்து வீடு.

“இம்போர்ட் லைசென்ஸ் என்கிட்டயே இருக்கு. ஏன் புள்ள முன்னமே கேக்கல?”

“சாமி குரூப்புல வியாபாரம் பேசுனா தப்பாச்சேன்னு...”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கோட்டுப் போட்டவர்களிடம் கெஞ்சலாம், சொந்த ஜனத்திடம் கேட்கக் கூச்சமா? நம் ஆட்களுக்கே உள்ள வியாதி இது!

முதல் பெட்டிகள் போயின. போன வேகத்தில் விற்றன. கதை சுபம் என்றுதானே நினைக்கிறீர்கள்? போன வாரம் மணி அண்ணே மறுபடி கூப்பிட்டார்.

“நம்ம தோட்டத்து ஆளுலா நான். சிங்கப்பூருல எனக்கு மட்டும்தான் குடுக்கணும். வேற கடைக்குக் குடுக்கக் கூடாது, சரியா?”

டத்தோ பெயரைக் கேட்டார். அண்ணே ஊரையே கேட்கிறார்! பாசமாகக் கேட்டால் பூட்டு பூட்டில்லை என்று ஆகிவிடுமா?

சரசு பதறவில்லை. “அண்ணே, நீங்க செஞ்சத மறக்க மாட்டேன். முதல் பெட்டி எப்பவும் உங்களுக்குத்தான். மத்த பெட்டி யாருக்குன்னு நான்தான் முடிவு பண்ணுவேன்.”

அண்ணே கோபித்துக்கொண்டு குழுவை விட்டே வெளியேறிவிட்டார். மூன்றாம் நாள் தானாகவே திரும்பி வந்து சேர்ந்தார்... கடையில் ஸ்டாக் முடிந்துவிட்டதாம்!