ஏழாம் இலக்கச் சப்பாத்து

“யார்ட்டில உங்களால நிக்கேலாது, பிள்ளை. வெயில், தூசி, லொறிக்காரரின்ர வாய்... நீங்கள் ஃபைலைப் பாருங்கோ, காணும்.”

எட்டு வருடங்களுக்கு முன் என் முகாமையாளர் சொன்னது இது. கப்பலில் வரும் பொருட்களைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் கம்பனி எங்களுடையது. கொள்கலன்களைத் திறந்து சோதிக்கும் முற்றத்தைத்தான் யார்ட் என்போம். காகிதம் ஒபிசில் நகரும். தொழில் யார்டில் நடக்கும். அங்கே கால் வைக்காதவருக்குப் பதவி உயர்வு கிடையாது.

நான் கால் வைத்தேன். கம்பனி ஸ்டோரில் இருந்த பாதுகாப்புச் சப்பாத்துகளில் ஆகச் சிறியது ஏழாம் இலக்கம். என் கால் ஐந்து. முன்பக்கம் பத்திரிகைத் தாளைத் திணித்துக்கொண்டு போனேன். (நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கும் பத்திரிகை அல்ல என்றே நம்புகிறேன்.)

புறக்கோட்டையில் மூட்டை சுமந்த ஒரு நாட்டாமியின் மகள் நான். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள். அந்த முகாமையாளர் இன்று பணிப்பாளர். அவர் இருந்த கதிரையில் மூன்று வருடங்களாக நான். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. மகளிர் தினக் கூட்டங்களுக்குக் கூப்பிட்டால் அந்தச் சப்பாத்துக் கதையைத்தான் சொல்வேன். நன்றாகவே கைதட்டுவார்கள்.

இரண்டு மாதங்களுக்கு முன் என் பிரிவில் ஒரு சீனியர் பதவி காலியானது. போட்டியில் இருவர். மட்டக்குளியிலிருந்து வரும் ஷஃப்னா — நாலு வருட அனுபவம். நிரோஷன் — இரண்டு வருடம். மதிப்பீட்டுப் படிவங்களை நிரப்ப வேண்டியவள் நான். எல்லாக் கட்டங்களிலும் ஷஃப்னாதான் முன்னுக்கு நின்றாள், ஒன்றைத் தவிர. யார்ட் அனுபவம். நிரோஷன் போன நாட்கள் அறுபதுக்கு மேல். ஷஃப்னாவுக்குச் சைபர்.

விதி விதிதானே? நிரோஷனின் பெயரைச் சிபாரிசு செய்தேன்.

எங்கள் கம்பனியில் படிவம் மேலே போவதற்கு முன் அதற்குரியவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஷஃப்னா என் மேசைக்கு முன்னால் இருந்து முழுவதையும் வாசித்தாள். பேனையை எடுக்கவில்லை.

“சைபர் சரிதான் மிஸ். ஆனா அது என்ட சைபர் இல்லயே.”

விளங்கவில்லை என்றேன்.

“நாலு வருஷத்துல ஒரு நாளாச்சும் என்ன அனுப்பினாங்களா? அதுல மூணு வருஷம் நீங்க மிஸ்.”

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. எல்லாம் அக்கறையில் செய்ததுதானே! வெயிலைச் சொன்னேன். நோன்பு காலத்தைச் சொன்னேன். வீட்டில் அவளுடைய உம்மாவுக்குச் சுகமில்லை என்று அவளே சொன்னதை நினைவூட்டினேன்.

“உம்மாக்கு வருத்தம் வந்தது மூணு வருஷத்துக்கு முந்தி. ஒரு கிழம. நீங்க இன்னமும் எனக்கு லீவு தந்திட்டு இருக்கீங்க.”

அவள் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நான் தப்பித்திருப்பேன்.

அவள் போன பிறகு நாளாந்த வேலைப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். யார்டுக்கு யார் என்று ஒவ்வொரு காலையும் எழுதுவது நான். நிரோஷன், நிரோஷன், நிரோஷன்... பக்கம் பக்கமாக என் கையெழுத்து. எட்டு வருடங்களுக்கு முன் எனக்குச் சொல்லப்பட்ட அந்த வசனத்தை நான் யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை. அட்டவணையாகப் போட்டு வைத்திருந்தேன்.

மறுநாள் பணிப்பாளரிடம் போனேன். என் மதிப்பீடு பிழை, பிழைக்குக் காரணம் நான்தான் என்று எழுதிக் கொடுத்தேன். பொம்பிளை ஒருத்தியைக் கதிரையில் இருத்தினால் இப்படித்தான் தடுமாறுவாள் என்று கதைப்பார்கள், தெரியும். அவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

“அண்டைக்கு நானும் உங்களில இருந்த இரக்கத்திலதான் சொன்னனான், பிள்ளை. நீங்கள் அதை இண்டைக்கும் மேடையில சொல்லிக் காட்டுறீங்கள்.”

மூன்று மாதம் தந்தார். இருவரும் மாறி மாறி யார்டுக்குப் போகட்டும், அதன் பிறகு பார்ப்போம் என்றார். நிரோஷனிடமும் நானே சொன்னேன். அவன் முகம் சுண்டிப்போனது. சுண்டாதா பின்னே? அவன் எதையும் தட்டிப் பறிக்கவில்லை. நான் நீட்டியதை வாங்கிக்கொண்டான், அவ்வளவுதான்.

கதவை அடைப்பவர்கள் எல்லோரும் கெட்டவர்களாக இருந்துவிட்டால் எவ்வளவு இலகு! சண்டை பிடித்துவிட்டு உள்ளே போய்விடலாம். நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பிவைக்கிறவர்களோடு, வெயில் படாமல் பார்த்துக்கொள்கிறவர்களோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

ஷஃப்னா முதல் நாள் யார்டுக்குப் புறப்பட்டபோது, ஏழாம் இலக்கச் சப்பாத்துக்குள் தாளை எப்படி மடித்துத் திணிப்பது என்று அவளுக்குக் காட்டிக் கொடுத்தேன். ஒரு ரகசியத்தைக் கையளிப்பது போல எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

பின்னேரம் நொண்டிக்கொண்டு வந்தாள். குதிக்கால் கொப்பளித்து உரிந்திருந்தது. எனக்கும் முதல் நாள் இப்படித்தான் என்றேன், ஆறுதலுக்கு.

“அப்ப ஏன் மிஸ் இன்னும் ஏழாம் நம்பர்?”

ஸ்டோருக்குச் சாமான் வாங்கும் பத்திரத்தில் மூன்று வருடங்களாகக் கையெழுத்துப் போடுவது யார்? நான்தான். கையுறை வாங்கினேன், தலைக்கவசம் வாங்கினேன். சிறிய சப்பாத்து வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. தாளைத் திணித்துக்கொண்டு நடந்ததில் எனக்கு அவ்வளவு பெருமை. அந்த வலியை ஷஃப்னாவும் ஒருமுறை பட்டுத்தான் ஆக வேண்டும் என்று எனக்குள் எங்கோ ஒரு நினைப்பு இருந்திருக்கிறது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஷஃப்னா இதுவரை பதினேழு தடவை யார்டுக்குப் போய்விட்டாள். முடிவு அடுத்த மாதம். பதவி யாருக்கு? உண்மையாகவே எனக்குத் தெரியாது. ஆனால் இந்த முறை அந்தக் கட்டத்தில் இருக்கப்போவது அவளுடைய எண்.

சப்பாத்து மட்டும் அதுவரை காத்திருக்கவில்லை. அவளுக்குக் கால் உரிந்த அந்தக் கிழமையே, சனிக்கிழமை, அப்பாவைக் கூட்டிக்கொண்டு புறக்கோட்டைக்குப் போனேன். எந்தச் சந்தில் எது கிடைக்கும் என்று அவருக்குத்தான் அத்துப்படி. நாலாம் இலக்கம், ஐந்தாம் இலக்கம் என்றதும் கடைக்காரர் ‘மல்லி’க்கா, அதாவது தம்பிக்கா, என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை, எங்களுக்கு என்றேன். அவர் உள்ளே போய் நெடுநேரம் தேடி, தூசி தட்டிக்கொண்டு வந்து அடுக்கினார்.

முப்பது வருடம் வெறுங்காலோடு மூட்டை சுமந்த அப்பா, ஒவ்வொரு சப்பாத்தின் முன்பக்கத்து இரும்பையும் விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு பெட்டிகளை எண்ணினார்.

“ஒங்க பிரிவுல பொம்பளப் புள்ளைங்க எத்தன பேரு, மகள்?”

இரண்டு பேர் என்றேன். நான் எடுத்து வைத்திருந்தது ஆறு சோடி.