கேமராவுக்கு வைத்த பொட்டு

என் அலமாரியின் மேல்தட்டில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. அதில் அப்பாவின் முழங்கை மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது. மடித்துவிட்ட சட்டைக்கையின் கசங்கல்கூடத் தெரியும். இடது ஓரத்தில் கயிறு கட்டிய டிரங்குப் பெட்டி, அதன்மேல் ஒரு குடை. வலது ஓரத்தில் செம்பருத்தி வேலி, வேலியடியில் பக்கத்து வீட்டுக் கோழி. கீழே இரண்டு வெறும் பாதங்கள், விரலில் மெட்டி, கணுக்காலைத் தொடும் புடவைக் கரை. நடுவில் மட்டும் வெள்ளையாக ஒரு மூட்டம். அந்த மூட்டத்துக்குள்தான் என் அம்மா நிற்கிறார். பார்க்கிறவர்கள் எல்லாரும் “பூஞ்சை பிடிச்சிருக்கு, கம்ப்யூட்டர்ல குடுத்தா சரி பண்ணிடுவாங்க” என்கிறார்கள். பூஞ்சை இல்லை என்று விளக்கி விளக்கி எனக்கு அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் “ஆமாம், கொடுக்க வேண்டும்” என்று சொல்லிவிடுகிறேன்.

படத்தை எடுத்தவர் என் அண்ணன். அப்போது நாங்கள் மலாக்காவில், காஜா பேராங்கில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அண்ணன் நகரத்தில் ஒரு கம்பெனியில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலை பார்த்தார். நான் தமிழ்ப் பள்ளியில் அப்போதுதான் பயிற்சி ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். அண்ணனிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: “பார்ப்போம்.” பொதுவாக நம் வீடுகளில் ‘பார்ப்போம்’ என்றால் ‘இல்லை’ என்று பொருள். அண்ணன் சொன்னால் அப்படியில்லை. உண்மையிலேயே பார்ப்பார். பார்த்துக்கொண்டே இருப்பார். செருப்பு வாங்கப் போனால் ஜோடி ஜோடியாக எடுத்துப் போட்டு நடந்துவிட்டுப் பழைய செருப்போடு திரும்புவார். பெண் பார்க்கப் போன இடங்களிலும் அதே கதைதான். மீனமேஷம் பார்த்தே காலம் போகிறது என்று அப்பா கத்தினால், “ஆய்ந்து ஓய்ந்து பாராதான் தான் சாவக் கடவான்” என்று பழமொழியை எடுத்து வீசுவார்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு விஷயத்தில் ஒரு காலைப் பொழுதில் முடிவெடுத்தார். இந்த நாடு வெள்ளைக்காரனிடமிருந்து சுதந்திரம் அடையப் போகிறது, இங்கேயே இருக்கப் போகிறவர்கள் குடியுரிமைக்கு எழுதிக்கொடுங்கள் என்ற பேச்சு ஊர் முழுக்க இருந்தது. கோப்பிக் கடையில், கோயிலில், பாசாரில் எங்கே போனாலும் ‘எழுதியாச்சா, எழுதலியா’தான். பொதுப்பணி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்த அப்பா எழுதவில்லை. “அவங்கவங்க வீட்டுக்கு அவங்கவங்க போறதுதான் மரியாதை” என்று சொல்லிப் பிறந்த ஊருக்குக் கப்பலேற ஏற்பாடு செய்தார். அம்மாவை யாரும் கேட்கவில்லை. அப்பா போனால் அம்மாவும் போகிறார், அவ்வளவுதான். அண்ணனோ காலையில் முகச்சவரம் செய்துகொண்டு என்னையும் அழைத்துப் போய் இரண்டு பேருக்கும் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார். வழியில் “யோசிச்சியாண்ணா?” என்று கேட்டேன். “இதுல யோசிக்க என்னம்மா இருக்கு?” என்றார். அவர் குரலில் அன்றைக்கிருந்த அந்தத் தெளிவை மறுபடி நான் கேட்டதே இல்லை.

அப்பாவும் அம்மாவும் போகப் போகிறார்கள் என்று ஆனதும் அண்ணனுக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. எங்களிடம் அம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை. அவசர காலச் சட்டத்தில் வெள்ளைக்கார அரசு எல்லாருக்கும் கட்டாயமாக்கிய அடையாளக் கார்டுக்காக ஒரே ஒரு முறை அம்மா கேமரா முன்னால் உட்கார்ந்திருந்தார். படம் பிடித்த ஆள் தலை முக்காட்டை எடுக்கச் சொல்லி, தாடையைத் தொட்டு நிமிர்த்திவிட்டானாம். “திருடியப் பிடிச்சு நிறுத்தின மாதிரி நிறுத்திட்டான்” என்று அம்மா பல வருடம் சொல்லிக் குமைந்தார். அதற்குப் பிறகு ஸ்டூடியோ என்ற பேச்சை எடுத்தாலே, “கண்டவன் கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு என்னைப் பாக்கணுமா? எம் மவன் எடுக்கட்டும், நிக்கிறேன்” என்பார். ஆக, அம்மாவின் முகம் எங்களுக்கு வேண்டுமென்றால் அண்ணன் கேமரா வாங்கியே ஆகவேண்டும். அதுவும் கப்பல் கிளம்புவதற்குள்.

பண்டார் ஹிலிரில் ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவரின் கடை இருந்தது. கைக்கடிகாரம், பேனா, ரேடியோ, கேமரா எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். நாங்கள் அவரைப் பாய் என்று கூப்பிடுவோம். சனிக்கிழமை தவறாமல் அண்ணன் அங்கே போவார், நானும் சில நாள் கூடப் போவேன். பாய் ஒரு ஜெர்மன் கேமராவை எடுத்து மேசைமேல் வைப்பார். சட்டைப் பையில் அடங்கிவிடும். ஓரத்தில் உள்ள விசையை அழுத்தினால் முன்கதவு திறந்துகொண்டு, உள்ளே மடங்கியிருந்த லென்ஸ் கண்ணாடி வெளியே எட்டிப் பார்க்கும். விலையும் அதற்கேற்ப இருந்தது. அதே பணத்துக்குச் சாதாரணப் பெட்டிக் கேமராக்கள் நான்கைந்து வாங்கலாம். அண்ணனோடு வேலை பார்த்தவர் தன்னுடைய பெட்டிக் கேமராவை இரவல் தரவும் தயாராக இருந்தார். “அம்மாவ எடுக்கப் போறோம். அந்த டப்பாவுலயா எடுக்கறது?” என்று அண்ணன் முகம் சுளித்துவிட்டார்.

சரி, ஜெர்மன் கேமராவையே வாங்கலாம் என்றால் அதிலும் இழுபறி. கண்ணாடி நன்றாக இருக்கிறது, ஆனால் தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு வைக்க வேண்டும். பக்கத்திலிருந்த இன்னொன்றில் தூரம் தானாகத் தெரியும், ஆனால் அது பையில் அடங்காது. ஜப்பான்காரனும் இப்போது நன்றாகச் செய்கிறானாம், அடுத்த கப்பலில் வருகிறதாம். பாய்க்கே பொறுமை போய்விட்டது. “பொண்ணு பாக்க வர்றவன்கூட ரெண்டு மூணு தடவைக்கு மேல வரமாட்டான் தம்பி. நீங்க இந்த மிஷினப் பாக்க வந்து பலகாரம் மட்டுந்தான் கேக்கல” என்றார். அண்ணன் சிரித்தார். “எடுத்துட்டுப் போங்க தம்பி. புடிக்கலன்னா கொண்டாங்க, தூக்கார் பண்ணித் தர்றேன்” என்று பாய் மாற்றித் தரவும் முன்வந்தார். அண்ணன் கேமராவைக் கண்ணருகே வைத்து, தெருவில் போகிற சைக்கிள்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கீழே வைத்தார். “பார்ப்போம் பாய்.” வீடு திரும்பும்போது எனக்குக் கால் வலித்தது, மனசும் வலித்தது. அம்மாவின் மேல் வைத்திருந்த பாசம்தான் அவரை அப்படி இழுத்தடித்தது என்பது அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது? நாள் யாருக்காகவும் நிற்கவில்லை.

கடைசியில் வாங்கினார், அந்த முதல் கேமராவையே. பெட்டிகள் கட்டியாகிவிட்ட நேரம் அது. அன்றைக்கே எடு என்று நான் நச்சரித்தேன். அம்மா மறுத்துவிட்டார். புதுப் பொருள், சாமி முன்னால் வைத்துக் கும்பிடாமல் கை வைக்கக் கூடாது, கிளம்புகிற அன்று காலையில் நல்ல நேரம் இருக்கிறது, குளித்துவிட்டு நல்ல புடவை கட்டிக்கொண்டு நிற்கிறேன் என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. கேமராவைத் திறந்தபடி சாமி படங்களுக்கு முன்னால் வைத்துவிட்டு அண்ணன் அதன் கையேட்டை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

துறைமுகத்துக்குப் போக வாடகைக் கார் வாசலில் வந்து நின்றது. அப்பா குடையை டிரங்குப் பெட்டிமேல் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். அம்மா சூடம் காட்டி, சந்தனம் குழைத்து, கேமராவுக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டு, இரண்டு கையாலும் அண்ணனிடம் கொடுத்தார். அண்ணன் வாங்கிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

“அம்மா, கண்ணாடியில வச்சிட்டீங்களே.”

“பின்ன எங்கடா வைக்கறது? அதுக்குக் கண்ணு அதானே. கண்ணுக்குத்தான் திருஷ்டி படும்.”

சின்னக் கண்ணாடியின் நடுவே சந்தனம், சந்தனத்தின் நடுவே குங்குமம். அண்ணன் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். அம்மா அதைப் பார்த்துவிட்டார்.

“அழிக்காதடா” என்றார். அதட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். அவர் நெற்றியிலும் அதே சந்தனம், அதே குங்குமம். தாலியோடு கடல் தாண்டிப் போகிற ஒரு பெண் தன் விரலால் வைத்த பொட்டை, அவள் கண்ணெதிரே அழிப்பது என்றால் என்னவென்று நம் வீடுகளில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கார்க்காரர் ஹார்ன் அடித்தார். அப்பா “நேரமாச்சு” என்றார். அண்ணன் கைக்குட்டையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். அம்மா செம்பருத்தி வேலியோரம் வந்து நின்று, முக்காட்டைத் தானே கொஞ்சம் பின்னால் தள்ளி, கேமராவைப் பார்த்துச் சிரித்தார். யாரும் தாடையைத் தொடவில்லை. அண்ணன் படம் படமாக எடுத்தார்.

அந்தக் கேமராவில் பார்க்கிற துளை வேறு, படம் பிடிக்கிற கண்ணாடி வேறு. துளைக்குள் அம்மா பளிச்சென்று தெரிந்திருப்பார். படங்களைக் கழுவி வாங்கி வந்த அன்று அண்ணன் உறையை என்னிடம் கொடுத்தார். எல்லாப் படத்திலும் ஓரம் துல்லியம், நடுவில் மூட்டம். எனக்கு ஆத்திரம் பொங்கியது. “உனக்குத் தெரியும்தானேண்ணா? தெரிஞ்சுதானே எடுத்த? அந்தப் பக்கம் திரும்பி ஒரு துடை துடைச்சிருக்கக் கூடாதா?” என்று அழுதேன்.

“அம்மா பாத்துக்கிட்டே இருந்தாங்கம்மா” என்றார். பிறகு படங்களை உறைக்குள் திரும்ப அடுக்கிக்கொண்டே, “சின்னப் பொட்டுதானே, பார்ப்போம்னு நெனச்சேன்” என்றார்.

அம்மா திரும்பி வரவில்லை. நாங்கள் போய்ப் பார்க்கலாம் என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தபோதே செய்தி வந்துவிட்டது. அம்மாவின் அடையாளக் கார்டை அதிகாரிகள் துறைமுகத்திலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். பயணத் தாளில் ஒட்டிய அதே படத்தின் பிரதியையாவது அனுப்பச் சொல்லி ஊருக்கு எழுதினோம். வெள்ளத்தில் பெட்டியே போய்விட்டது என்று பதில் வந்தது. இந்தக் கதையைக் கேட்டவர்கள் சிலர், முகத்தைவிட அம்மாவின் விரல் தடம் விழுந்த படம் எவ்வளவு பெரிது என்று எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு முகம்தான் வேண்டியிருந்தது. அண்ணனுக்கும் அப்படித்தான். அந்தக் கேமராவை அவர் அதற்குப் பிறகு தொடவில்லை. கடைசிவரை கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. போன வருடம் அவரும் போய்விட்டார்.

இப்போது நான் மலாக்காவிலேயே குருபோங்கில், ஒரு தாமான் குடியிருப்பில் தனியாக இருக்கிறேன். ஆஸ்திரேலியாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் மகளுக்கு ஒரு நல்ல டிஜிட்டல் கேமரா வேண்டுமாம். அதுவும் சின்னதாக, சட்டைப் பையில் அடங்குவதாக, ஆனால் உயர்ந்த ரகமாக. போனிலேயே எடுக்கலாமே என்றால் என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள். நாள் முழுக்க இணையத்தில் படிக்கிறாள். இதில் கண்ணாடி நல்லது, அதில் திரை நல்லது என்கிறாள். மாமன் ரத்தம் விடுமா? பண்டார் ஹிலிரில் பாயின் கடை இருந்த திசையில் இப்போது ஒரு பேரங்காடி நிற்கிறது. அங்கே மூன்றாவது முறையாக என்னை இழுத்துப் போனாள். முட்டி வலியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கடைப்பையன், “விலை கொஞ்சம் கூடதான் ஆன்ட்டி. ஆனா அடுத்த மாசம் புது மாடல் வருது, வெயிட் பண்ணா பண்ணலாம்லா” என்றான். மகள் என்னைத் திரும்பிப் பார்த்து, “பார்ப்போமாம்மா?” என்றாள்.

“பாத்தது போதும். இன்னிக்கே எடு” என்றேன். நான் அதட்டியதில் பையன் மிரண்டே போனான்.

ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பக் கிளம்புகிற அன்று காலையில் மகள் என்னை வாசலில் நிற்கவைத்து எடுத்தாள். செருப்பைத் தேடக்கூட விடவில்லை. எடுத்த உடனே திரையில் காட்டினாள். கண் பாதி மூடியிருந்தது. வாய் ஏதோ சொல்ல ஆரம்பித்து நின்றிருந்தது. அலுத்துப்போன ஒரு கிழவி. நான் அம்மாவை உரித்து வைத்திருப்பதாக ஊரில் சொல்வார்கள். உண்மைதானா என்று கேட்டுக்கொள்ள இனி அண்ணன் இல்லை. உள்ளே போய் அலமாரியிலிருந்து பழைய படத்தை எடுத்து வந்து, திரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். மகள் என் பாதத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளம். சுண்டுவிரல் உள்பக்கம் வளைந்து ஒளிந்திருக்கிறது. மூட்டத்துக்குக் கீழே, மெட்டி போட்ட பாதத்திலும் அப்படியேதான் இருந்தது.

மகள் படத்தை மறுபடி முகத்துக்கு நகர்த்தினாள்.

“நல்லா வரலம்மா, கண்ணு மூடிருக்கு. அழிச்சிட்டு வேற எடுக்கவா?”

“வேற எடு” என்றேன். “இத அழிக்காத.”