ஒரு கிட்னி, ரெண்டு சுகர்

போன வருடம் கோடை தொடங்கிய சமயம், மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் நடைபோட்டுக்கொண்டிருந்தபோது, நான் என்னை ஓர் எலியாக நினைத்துக்கொண்டேன். பைத்தியம் பிடித்து அல்ல, படித்துப் படித்து. வீடு நிறைய புத்தகம் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் எழுத்தில் ஒற்றுப்பிழை கண்டுபிடித்துக் காலம் தள்ளுகிற ஐம்பது தாண்டிய ஆள் நான். அந்தக் கோடையில் நடந்ததை நினைத்தால் வரும் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. யார் மேல் எவ்வளவு கோபப்படுவது என்பதில்தான் கொஞ்சம் குழப்பம்.

எல்லாம் முட்டிவலியில் ஆரம்பித்தது. முட்டி வலித்தால் டாக்டரிடம் போக வேண்டும் என்பது நான் ஊருக்குச் சொல்லும் அறிவுரை. எனக்குத் தெருமுனை மெடிக்கல் ஷாப் போதுமானதாக இருந்தது. காலி மாத்திரை அட்டையைக் காட்டினால் புது அட்டை தருவார்கள். யாருக்கு, எதற்கு, எத்தனை நாளாக என்று ஒரு கேள்வி கிடையாது. பல் துலக்கும் பிரஷ் கேட்டால் மட்டும் "சாஃப்டா, மீடியமா சார்?" என்று கவலையோடு விசாரிக்கிற கடை அது. ஏற்கெனவே காலையில் ஒரு பிரஷர் மாத்திரை விழுங்குகிறவன், அதோடு வலி மாத்திரையையும் தினமும் சாப்பாடு மாதிரி சாப்பிட ஆரம்பித்தேன்.

"ஏங்க, இப்படி முழுங்கிக்கிட்டே இருந்தா கிட்னி என்னத்துக்கு ஆகும்?" என்றாள் என் மனைவி.

நியாயமான கேள்வி. யாராவது நியாயமாக ஏதாவது கேட்டால், பதில் சொல்லாமல் படிக்கப் போய்விடுவது என் வழக்கம். இணையத்தில் மூக்கிரட்டையைக் கண்டுபிடித்தேன். நம் ஊர் நடைபாதை ஓரங்களில் குட்டிக் குட்டி ரோஜா நிறப் பூவோடு கேட்பாரற்றுப் படர்ந்து கிடக்குமே, அதுதான். சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்தை எலிகளுக்குக் கொடுத்து, கூடவே இந்தச் செடியின் சாற்றையும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சேதம் குறைந்ததாம். அந்த மாதிரி ஆய்வுச் சுருக்கங்களை வரிசையாகப் படித்து, நான் எடுத்த முடிவு இது: மாத்திரை தாக்கட்டும், செடி காக்கட்டும், நடுவில் நான் வலியில்லாமல் நடைபோடுகிறேன்.

பூங்கா வாசலில் மூலிகைச் சாறு விற்கும் வண்டி ஒன்று உண்டு. நடை முடித்து வருகிறவர்கள் அங்கே செடியின் பேரைச் சொல்லிக் கேட்பதில்லை. வியாதியின் பேரைச் சொல்லித்தான் கேட்பார்கள். "அக்கா, ரெண்டு சுகர், ஒரு பிரஷர்" என்று ஒருவர் கை நீட்டுவார். "சுகரு ஆயிப்போச்சு சார். கொலஸ்ட்ரால் கீது, தரட்டா?" என்பார் வண்டிக்கார அம்மாள். வந்ததற்கு ஆகட்டும் என்று கொலஸ்ட்ராலைக் குடித்துவிட்டுப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூக்கிரட்டை, வாழைத்தண்டு, நெருஞ்சில் எல்லாம் போட்டு அரைத்த ஒரு பச்சைத் திரவத்துக்கு அங்கே 'கிட்னி' என்று பேர். நான் கிட்னி வாடிக்கையாளன் ஆனேன்.

அதோடு நிறுத்தியிருந்தால் நஷ்டம் எனக்கு மட்டும். என்னோடு தினமும் நடக்கும் நண்பர் ஒருவர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை உண்டு, சிறுநீரகமும் பாதி களைத்துவிட்டது. இளநீர் கூடாது, வாழைத்தண்டு கூடாது, கண்ட மூலிகையும் கூடாது என்று அவருடைய டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். நான் அவருக்கு, பூங்காவைச் சுற்றுகிற நேரம் முழுக்க, எலிகளைப் பற்றி விரிவுரை ஆற்றினேன். "டாக்டருங்க இதையெல்லாம் எங்க சார் படிக்கிறாங்க?" என்றுகூடச் சொன்னேன். மறுநாள் அவரும் வண்டியில் "ஒரு கிட்னி" என்றார். எனக்கு ஒரு கட்சி ஆரம்பித்த திருப்தி.

கட்சிக்குக் கொள்கை வேண்டாமா? நடைக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் நீளமாக ஒன்று எழுதிப் போட்டேன். கொஞ்ச நாளில் அதே கட்டுரை, என் அரைப்புள்ளிகள் உட்பட அப்படியே, வேறொரு குழுவிலிருந்து என்னிடமே வந்து சேர்ந்தது. மேலே 'பிரபல சிறுநீரக நிபுணர் எச்சரிக்கிறார்' என்று தலைப்பு. எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. நான் எழுதியது உண்மையா என்று அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. என் பேரை எடுத்துவிட்டார்களே என்றுதான் கொதித்தேன்.

இதற்குள் என் செருப்பு எனக்குச் சின்னதாகிவிட்டது. பாதம் வீங்கியிருக்கிறது என்று மனைவிதான் கவனித்தாள். எழுந்து நின்றால் சோர்வு, உட்கார்ந்தால் தூக்கம். மேற்கொண்டு என்னைப் படிக்க விடாமல் ஆட்டோவில் ஏற்றி, அடையாறில் ஒரு சிறுநீரக மருத்துவரிடம் கொண்டுபோனாள். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த அந்த இளம் டாக்டரம்மா, நான் விழுங்குவதையும் குடிப்பதையும் ஒவ்வொன்றாகச் சொல்ல வைத்தார். எலிகளைப் பற்றியும் சொன்னேன், ஒரு சக ஆராய்ச்சியாளரிடம் சொல்கிற தோரணையில்.

"அந்த எலிங்களைக் கடைசியில என்ன பண்ணாங்கன்னு படிச்சீங்களா?" என்று கேட்டார்.

சுருக்கத்தோடு நிறுத்தியிருந்தேன்.

"கொன்னு, கிட்னிய வெளிய எடுத்து, சீவி, மைக்ராஸ்கோப்ல வெச்சுப் பாத்தாங்க. அப்பத்தான் தெரிஞ்சுது நல்லா இருக்குன்னு. உங்களுக்கும் அப்படிப் பாத்துடலாமா?"

என் மனைவி சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. டாக்டர் சிரிக்கவில்லை. பிரஷர் மாத்திரை, வலி மாத்திரை, போதாக்குறைக்கு உடம்பிலிருந்து நீரை இறக்குகிற செடி, மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ரத்தம் போவதே குறைந்துவிடும் என்றார். காவலுக்கு வைத்தவனும் திருடனோடு சேர்ந்துகொண்ட கதை. "செடியில ஒண்ணுமே இல்லைன்னு நான் சொல்லல சார். யாருக்கு, எவ்வளவு, எதோட சேர்த்துன்னு ஒண்ணு இருக்கில்ல? ஒரு சித்த மருத்துவர்கிட்ட போயிருந்தாக்கூட, முதல்ல என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு கேட்டிருப்பாரு. உங்களை யாருமே கேக்கலையா?"

யாருமே கேட்கவில்லை. மெடிக்கல் ஷாப் கேட்கவில்லை, வண்டி கேட்கவில்லை, இணையம் கேட்கவில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. வலி மாத்திரையையும் சாற்றையும் நிறுத்தினால் எனக்குச் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு, டாக்டர் போகிற போக்கில் ஒன்று சொன்னார்: "நல்லவேளை, உங்களுக்கு ஏற்கெனவே கிட்னி பிரச்சினை இல்லை. அப்படி இருக்கறவங்க இந்த ஜூஸைக் குடிச்சா பொட்டாசியம் ஏறி, ஹார்ட் எந்த நிமிஷமும் நின்னுடும்."

கொதித்த ரத்தம் உறைந்தது. நண்பரின் முகம் கண்முன் வந்தது. வெளியே வரும்போது இரவு பத்து மணி தாண்டிவிட்டது; போன் செய்தேன், அவர் எடுக்கவில்லை. மறுநாள் காலை வீங்கிய காலோடு பூங்காவுக்கு ஓடினேன். வண்டி முன்னால் நண்பர் டம்ளரும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்.

"சார், வேண்டாம். கீழ கொட்டுங்க!"

"என்ன ஸார் இது? நீங்கதானே குடிக்கச் சொன்னேள்?"

"நான் சொன்னது தப்பு சார். உங்களுக்கு இது விஷம்."

"நன்னா இருக்கே! வாட்ஸாப்ல பெரிய ஸ்பெஷலிஸ்டே போட்டிருக்கார், பாக்கலையா?"

"அந்த ஸ்பெஷலிஸ்ட் நான்தான்யா!" என்று கத்தினேன். என் எழுத்தை என் எழுத்து என்று நிரூபிக்க வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டப்பட்டதில்லை. அவர் நம்பவில்லை. டம்ளரைப் பிடுங்கினேன். பாதி என் சட்டையில், பாதி ரோட்டில்.

"இன்னா சார், யாவாரம் நடக்குற எடத்துல கலாட்டா பண்ணிகினு கீற?" என்று வண்டிக்கார அம்மாள் இடுப்பில் கை வைத்தார். "கிட்னிக்குன்னு கேட்டா கிட்னி குடுக்கறேன். நான் இன்னா டாக்டருன்னு போர்டா மாட்டிக்கினேன்?"

அவரோடு சண்டை போட நேரமில்லை. நேராக நண்பர் வீட்டுக்குப் போய் அவர் மனைவியிடம், வாசலில் நின்றபடியே, அத்தனையையும் ஒப்பித்தேன். மாமி என் பச்சைச் சட்டையை ஏற இறங்கப் பார்த்தார். கணவர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போய்விட்டார். அன்று மதியமே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மார்பில் ஒயர்களை ஒட்டி, இதயத் துடிப்பைத் திரையில் ஒரு கோடாக ஓட விட்டார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்நாள் முழுக்கப் படித்த எதுவும் அந்தக் கோட்டைப் படிக்க உதவவில்லை. சாயங்காலம் பொட்டாசியம் மருந்திலேயே இறங்க ஆரம்பித்துவிட்டது, டயாலிசிஸ் வேண்டியிருக்காது என்று ஒரு நர்ஸ் வந்து சொன்னபோது, அங்கே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடித்ததும் பழையபடி கோபம் வந்தது. மெடிக்கல் ஷாப்பில் போய்க் கத்தினேன். "நீங்கதானே சார் கேட்டீங்க?" என்றார்கள். வாட்ஸாப் குழுவில் மறுப்பு எழுதினேன். அதை யாரும் எங்கும் பகிரவில்லை. பொய் மட்டும் இன்னும் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது. வண்டிக்குப் போய், அதைக் கிட்னி என்று சொல்லி விற்காதே தாயே என்று கெஞ்சினேன். மறுவாரம் அந்த அம்மாள் பெருமையோடு கூப்பிட்டுச் சொன்னார்: "நீ சொன்னதுக்காவ மாத்திட்டேன் சார். இப்ப அது லிவரு."

இன்று யாராவது "இது வெறும் செடிதானே, என்ன செய்துவிடப் போகிறது" என்றால் எனக்குச் சுள்ளென்று ஏறுகிறது. நல்லது செய்கிற சக்தி ஒரு பொருளுக்கு இருந்தால், கெடுதல் செய்கிற சக்தியும் அதற்கு இருக்கும் என்பதை, ஒரு மனிதரைக் கிட்டத்தட்டக் கொன்றுதான் நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

நண்பர் வீடு திரும்பியதும் மன்னிப்புக் கேட்கப் போனேன். என் படிப்பு, என் பேச்சு, என் அகம்பாவம் எல்லாம் சேர்ந்து ஓர் அப்பாவியை மயக்கிவிட்டன என்று மாமியிடம் தழுதழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமி காபியை வைத்துவிட்டு என் பேச்சை நிறுத்தினார்.

"போறும், விடுங்கோ. நீங்க பேசினதுக்கெல்லாம் அவர் ஒண்ணும் மயங்கலை. வண்டிக்காரி இவருக்குன்னு தனியா ஒரு கட்டி வெல்லம் கலந்து குடுப்பாளாம். ஆத்துலதான் நான் கண்ணுலயே காட்டறதில்லையே!"