மடக்குக் கத்தியோடு பதினொரு நாள்

1. பங்குனி முதல் திங்கட்கிழமை, மதியம் மூன்று மணி. எங்கள் ஊருக்கு ரோடு பிரியும் விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தேன். பாதி வழியில் ஓடைப்பாலத்துச் சுவரில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மோட்டார் சைக்கிள். கடந்து போனேன்.

2. செவ்வாய். அதே ஆள், அதே இடம். நான் கடந்த பிறகு வண்டியைக் கிளப்பி, என் நடைக்குத் தகுந்த வேகத்தில் பின்னால் வந்தான். ஊர்த் தண்ணீர்த் தொட்டி கண்ணில் பட்டதும் திரும்பிப் போனான்.

3. புதன். ஆள் இல்லை.

4. வியாழன். பின்னால் வந்தான். நான் நின்றேன், அவனும் நின்றான். நடந்தேன், அவனும் வந்தான்.

5. வெள்ளி. என்னைத் தாண்டிப் போய் வண்டியைக் குறுக்கே நிறுத்தினான். ஒரு வார்த்தை பேசவில்லை. சிரித்தான். நான் ரோட்டை விட்டு இறங்கி, வெடித்துக் கிடந்த கரிசலில் சுற்றிக்கொண்டு போனேன். ஒரு செருப்பு வெடிப்பில் மாட்டி அறுந்தது. அதை எடுக்கக் குனியவில்லை.

6. சனி. கோவில்பட்டிக் கடைத்தெருவுக்குப் போய் ஒரு மடக்குக் கத்தி வாங்கினேன்.

இந்த ஆறையும் அந்த வாரமே என் லேப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். எழுதினால் பயம் ஓர் அளவுக்குள் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வரிசை எண் போட்டதால், ஏழாவதாக என்ன எழுத வேண்டியிருக்கும் என்ற யோசனைதான் வந்தது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. வேதியியல் படித்துவிட்டுக் கோவில்பட்டிக்கு வெளியே ஒரு தீப்பெட்டி ஆலையில் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. குச்சி முனைக்கான மருந்தைக் கலக்கும் அறைக்கு நான் பொறுப்பு. வெயில் ஏறுவதற்குள் கலவை முடிய வேண்டும் என்பதால் காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கி இரண்டு மணிக்கு முடியும். அதனால்தான் அந்த மூன்று மணி நடை. விலக்கிலிருந்து ஊருக்கு இரண்டு கிலோமீட்டர். ஐப்பசியிலிருந்து மாசி வரை அந்த வழியில் பயமே கிடையாது. களை எடுக்கிறவர்கள், பருத்தி எடுக்கிறவர்கள், உளுந்து பிடுங்குகிறவர்கள் என்று காடு முழுக்க ஆட்கள் இருப்பார்கள். எங்கள் பக்கம் காடு என்றால் விளைநிலம். பங்குனி பிறந்துவிட்டால் அந்தக் காட்டில் ஒரு தலை தெரியாது. சீமைக் கருவேலும் கானலும்தான். பட்டப்பகலில் கத்தினாலும் கேட்க ஆள் இல்லாத இடம்.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவனை யாரும் எதுவும் செய்யமாட்டார்கள். மறுநாளிலிருந்து என் வேலை நிற்கும். எங்கள் தெருவில் படித்துவிட்டு வேலைக்குப் போன முதல் பெண் நான். என்னைப் பார்த்து இன்னும் இரண்டு வீடுகளில் பிள்ளைகளைக் காலேஜுக்கு அனுப்பியிருந்தார்கள். வேலையை விடாமல், வீட்டுக்கும் தெரியாமல், அந்த இரண்டு கிலோமீட்டரைக் கடக்க ஒரு வழி வேண்டும். கத்தி எனக்கு அப்படித்தான் தோன்றியது.

கடைக்குப் போகுமுன் தேவைகளை எழுதினேன். அலகு மூன்று அங்குலம் இருந்தால் போதும். நீளமானால் மறைக்க முடியாது. திறந்த பின் தானாக மடங்கக் கூடாது, மடங்கினால் என் விரல்தான் போகும். ஒரு கையால் திறக்க வர வேண்டும், இன்னொரு கையில் சாப்பாட்டுப் பை இருக்கும். வியர்த்த கையில் வழுக்கக் கூடாது. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது ஒரு வரி குறைந்தது. திறந்த பிறகு எங்கே, எப்படி என்ற வரி. அந்த வரியை எழுதாமல் நோட்டை மூடிவிட்டேன்.

இரும்புக் கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"மடக்குக் கத்தியா? என்னத்த வெட்டதுக்கும்மா?"

"லேபுக்கு, அண்ணாச்சி. சாக்கு வெட்டணும். திறந்தா தானா மடங்கக் கூடாது."

"சாக்கு வெட்டதுக்கு பிளேடு போதுமே. தானா மடங்கக் கூடாதுங்கீங்க. சாக்கு என்ன, திருப்பியா அடிக்கப் போவுது?"

மண்வெட்டிக்குப் பிடி பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் சத்தமாகச் சிரித்தார். நானும் சிரிப்பது போல் உதட்டை இழுத்தேன்.

மூன்று கத்திகளை எடுத்து வைத்தார். முதலாவது சிவப்புப் பிளாஸ்டிக் பிடி; பாட்டில் திறப்பான், குட்டிக் கத்திரி எல்லாம் அதற்குள் இருந்தன. நகத்தை உடைத்துக்கொண்டுதான் அலகை வெளியே எடுக்க முடிந்தது. இரண்டாவது முழங்கை நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு. விரிக்கும்போது கட்கட்கட் என்று சத்தம் போட்டது. அதைக் காட்டிவிட்டு அவரே உள்ளே வைத்துக்கொண்டார். "இது உங்களுக்கு ஆவாது. போலீஸ்காரன் பாத்தா என்னையும் சேத்துக் கேப்பான்." மூன்றாவது மரப்பிடி. அலகு சரியாக மூன்று அங்குலம். பிடியின் முதுகில் ஒரு சின்ன விசை. அதை அழுத்தினால்தான் மடங்கும். திறந்து, அலகின் முதுகை மேசை விளிம்பில் அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை. "இது" என்றேன்.

காகிதத்தில் சுற்றியவர் அதை என் கையில் தரவில்லை. மேசையில் வைத்தார். "கத்திய கைக்குக் கை குடுக்கப்படாது, சண்டை வந்திரும். நீங்களே எடுத்துக்கிடுங்க."

எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை லேபில் யாரும் இல்லாத நேரம் ஸ்டாப் வாட்சை வைத்துக்கொண்டு பழகினேன். பையின் ஜிப்பைத் திறந்து, டிபன் டப்பாவுக்குக் கீழே தேடி, எடுத்து, அலகை விரிக்கப் பதினொரு விநாடி. கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு செய்தால் பதினான்கு. அன்று அவன் பாலத்தில் இருந்தான். பைக்குள் கையை விட்டு, பிடியைப் பற்றிக்கொண்டே நடந்தேன். பின்னால் வரவில்லை. கத்தி வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

புதன்கிழமை பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது. கை பைக்குள் போனது. ஜிப் பாதியில் துணியைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. அதை இழுத்துக்கொண்டிருக்கும்போதே அவன் என்னை உரசிக்கொண்டு போனான். போகிற போக்கில் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துக் கொஞ்ச தூரம் தள்ளி ரோட்டில் போட்டான். சத்தம் கேட்டதிலிருந்து துப்பட்டா போகும்வரை ஏழு விநாடி இருக்கலாம். அன்றைக்கு நான் நடுங்கியது அவனை நினைத்து மட்டும் இல்லை. ஏழுக்குள் பதினொன்று அடங்காது.

ஊசி நூல் இரவல் வாங்கி, சுடிதாரின் உள்பக்கம் இடுப்பில் ஒரு துணிப் பை தைத்தேன். அங்கிருந்து எடுத்து விரிக்க நான்கு விநாடி. வியாழன், வெள்ளி, சனி, திங்கள் என்று கத்தி இடுப்பிலேயே இருந்தது; பாலத்தில் அவனைக் கடக்கும்போது கை தானாக அங்கே போகும். முதல் நாள் அது உறுத்தியது. நான்காவது நாள் அது இருப்பதே தெரியவில்லை.

பதினொன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. அதைப் பற்றி எழுதுமுன் மருந்து அறையைச் சொல்ல வேண்டும். குளோரேட் தனியாக இருக்கும்வரை உப்பைப் போல் சும்மா கிடக்கும். கந்தகத் தூளோடு சேர்ந்துவிட்டால் ஓர் உரசல் போதும், ஒரு தட்டு போதும். இரண்டையும் அறையின் இரண்டு மூலைகளில் வைத்திருப்போம். ஆனால் இரண்டின் தூசியும் ஒரே தரையில்தான் படியும். அதனால் வெறுங்கால், பருத்தித் துணி, இரும்பு கூடவே கூடாது. ஊக்கு, ஊசி என்று இரும்பு எதுவானாலும் கழற்றிப் போட வாசலில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். தினமும் காலையில் நான் அங்கே நின்று ஒவ்வொருவரையும் கேட்பேன். அந்த வழக்கத்தை அங்கே கொண்டுவந்ததே நான்தான்.

அன்று என்னோடு உள்ளே வர வேண்டியவர் குளோரேட் சலிக்கும் அக்கா. நாற்பது வயது இருக்கும். இடது கையில் முழங்கை வரை தோல் சுருங்கி வழவழவென்று இருக்கும். வேறொரு ஆலையில் தீப்பிடித்தபோது வெந்தது.

"ஊக்கு?"

"இல்ல."

"கொண்டை ஊசி?"

"இல்ல."

"வளையல்?"

"கண்ணாடிதான். அதுவும் ஆவாதுன்னா கையத்தான் கழத்தி வைக்கணும், லேப் பிள்ள."

சிரித்துக்கொண்டே உள்ளே போனோம். தராசின் முள்ளைப் பார்க்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். இடுப்பில் ஏதோ நூல் விட்டது போல் இருந்தது. அடுத்து, சிமெண்டுத் தரையில் டக் என்று ஒரு சத்தம். கத்தி சறுக்கிப் போய்ச் சல்லடைக் காலில் இடித்து நின்றது.

நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை. எனக்கு முதலில் தோன்றியது ஓடுவது அல்ல, எண்ணுவது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். ஒன்றும் ஆகவில்லை. உள்ளே வந்ததும் அக்கா தெளித்த தண்ணீர் அந்த இடத்தில் இன்னும் ஈரமாக இருந்தது. நான்கு விரல் தள்ளித் தரை காய்ந்து, தூசி வெளுத்துக் கிடந்தது.

அக்கா, தீக்கென்று நனைத்து வைத்திருக்கும் சாக்கைக் கத்தியின் மேல் மெதுவாகப் போட்டு, அதோடு சேர்த்து அள்ளி எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். தண்ணீர் டிரம் பக்கத்தில் வந்து சாக்கைப் பிரித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஏட்டி, என்னட்டி இது?"

அதுவரை என்னிடம் 'நீங்க' என்றே பேசியவர். அவர் கத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யாருட்டி அவன்?"

"தெரியாதுக்கா. பாலத்துல நிக்கான். பின்னாலேயே வாரான்."

"வீட்ல சொன்னியா?"

"சொன்னா வேலைக்கு விடமாட்டாவ."

"இங்கன வெந்து செத்தா மட்டும் விடுவாவளோ?"

அக்கா கொஞ்சம் தணிந்து சொன்னார். "சரி, நான் பாக்கல. எடுத்துட்டுப் போயிரு. ஆனா நாளைக்கு வாசல்ல நின்னுக்கிட்டு ஊக்கு இருக்கான்னு என்கிட்ட கேக்காத."

விதி மீறல்களை எழுதும் நோட்டு ஒன்று உண்டு. கட்டம் போட்டதும் நான்தான். போன மாதம் கொண்டையில் ஓர் ஊசியோடு வந்த ஒரு பெண்ணை அதில் எழுதி, அன்றைக்கு வேலை இல்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். அவள் அழுதுகொண்டே போனாள். அந்த வரிக்குக் கீழே என் பெயரை எழுதினேன். பொருள்: மடக்குக் கத்தி, மூன்று அங்குலம். காரணம் என்ற கட்டத்தில் 'வழியில் பயம்' என்று எழுதினேன்.

மேனேஜர் அதை இரண்டு முறை படித்தார். கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"வீட்டுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"அவியளுக்குத் தெரியாம உங்கள நான் வேலைக்கு வச்சுக்க முடியாதும்மா. நாளைக்கு ஒண்ணுன்னா உங்கப்பாவுக்கு நாந்தான் பதில் சொல்லணும். நீங்க சொல்லுதீங்களா, நான் வந்து சொல்லட்டுமா?"

"நானே சொல்லுதேன்."

கத்தியை அவர் மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். அன்று மூன்று மணிக்கு வெறுங்கையோடு விலக்கில் இறங்கினேன். பாலத்தில் அவன் இருந்தான். நான் பக்கத்தில் வரும்வரை காத்திருந்து, முதன்முறையாகப் பேசினான்.

"என்ன, இன்னைக்குப் பையிலயும் கைய விடல, இடுப்புலயும் கை போவல?"

அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான் பையில் தேடியது, ஜிப் மாட்டியது, இடுப்புக்கு மாற்றியது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். அவன் எழுந்திருக்கவில்லை. சுவரில் உட்கார்ந்தபடி சிரித்தான். மீதி ஒரு கிலோமீட்டரை எப்படி நடந்தேன் என்று நினைவில்லை. வீட்டு வாசலில் வந்து நின்றபோது சாப்பாட்டுப் பையின் காது பிய்ந்து கையோடு வந்திருந்தது.

அன்று சாயங்காலமே சொன்னேன். பாலத்தில் தொடங்கி மருந்து அறை வரை, ஒன்றையும் விடாமல், வரிசையாக. அம்மா பாதியிலேயே ஆரம்பித்துவிட்டார். "போதும்டி உன் வேலையும் சம்பளமும். நாளையிலருந்து போவாண்டாம்." எங்களுக்குச் செம்மறி ஆடுகள் உண்டு. அப்பா அவற்றை அடைத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"எத்தன மணிக்கு அங்கன நிக்கான்?"

"மூணு."

"இப்பம் ஆடு வடக்க மேயுது. ஓடைப்பாலத்துப் பக்கம் மாத்திக்கிடுதேன். எல்லாம் தரிசாத்தான கெடக்கு, எங்கன மேஞ்சா என்ன."

"நீங்க தினமும் காவல் இருப்பீங்களோ?" என்றார் அம்மா.

"காவல் இல்ல. ஆடு மேய்க்கேன்." பிறகு என்னிடம், "கத்தி எல்லாம் நமக்கு வேண்டாம்த்தா. அவன் கையில சிக்கினா அது அவன் கத்தி."

அதைக் கேட்டபோதுதான் நோட்டில் எழுதாமல் விட்ட வரியின் மறுபக்கம் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஆடுகளும் அந்தப் பக்கம் அவனும் இருந்தார்கள். அப்பா அவனிடம் எந்த ஊர் என்று மட்டும் கேட்டாராம். அதற்கடுத்த நாளும் வந்தான். பிறகு வரவில்லை. வண்டி எண்ணை நான் குறித்து வைத்திருந்தேன். போலீஸுக்குப் போனால் என் பெயர் நாலு ஊருக்குப் போகும் என்று அம்மா அழுததால் அதை யாரும் கொண்டுபோகவில்லை.

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. என்னை ஒரு மாதம் மருந்து அறைக்கு வெளியே வைத்திருந்து, பிறகு திரும்ப உள்ளே விட்டார்கள். அதே ஆலையில்தான் இருக்கிறேன். கத்தி மேனேஜரின் இழுப்பறையில் இருக்கிறது. நான் திருப்பிக் கேட்கவில்லை. போன மாதம் கோவில்பட்டி பஸ் நிலையத்தில் அவனைப் பார்த்தேன். இடுப்பில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். என் பஸ்ஸை விட்டுவிட்டு, அவன் போன பிறகு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். அவன் இந்தப் பக்கத்து ஆள்தான். நான் நாளைக்கும் ஆறு மணிக்கு வேலைக்குப் போக வேண்டும்.