நிரோஷ் எந்த ஊர்ப் பிள்ளை?

போன சனிக்கிழமை சட்டன் மைதானத்தில் உதைபந்தாட்டம். லண்டனில் இருக்கிற ஊர்ச் சங்கங்கள் வருடா வருடம் நடத்துகிற போட்டி. இலங்கையில் நடந்த அழிவுக்குப் பிறகு இந்த வருடம் வைப்பதா என்று யோசித்தார்கள். பிறகு, சனம் ஒருநாள் கூடிச் சத்தம் போடட்டும் என்று வைத்தார்கள்.

எங்கள் ஊரின் பெயரை எழுதமாட்டேன். எதிர் ஊரின் பெயரையும்தான்... எழுதினால் ரெய்னர்ஸ் லேன் தமிழ்க் கடைகளில் மீன் வாங்கப் போக முடியாது.

விஷயம் நிரோஷைப் பற்றியது. ஹொலண்டில் பிறந்த பிள்ளை. சின்ன வயதிலிருந்து அங்கே பெரிய கிளப் ஒன்றில் பயிற்சி. இப்போது குடும்பத்தோடு கிங்ஸ்பரிக்கு, எங்கள் தெருவுக்கே வந்துவிட்டான். தகப்பன் எங்கள் ஊர். தாய் எதிர் ஊர். அவன் யாருக்கு விளையாடுவது?

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனாலும் யார் எந்த ஊர் என்று என்னைத்தான் கேட்பார்கள். எங்கள் சங்கத் தலைவர் பாலாவும் ஒரு ஃபோர்மோடு வந்தார்.

"அக்கா, பெடியன் எங்கட ஊர் எண்டு ஒரு கையெழுத்துப் போடுங்கோ. இந்த முறை கோப்பை எங்களுக்குத்தான்!"

ஒருமுறைகூட நாங்கள் அந்தக் கோப்பையைத் தூக்கியதில்லை. விடுவேனா? பேனையை எடுத்தேன். சோபாவில் இருந்த என் வீட்டுக்காரர் பேப்பரைக் கீழே இறக்கினார்.

"என்னப்பா, பிள்ளையள் தாயின்ர ஊர் எண்டுதானே நீர் சொல்லுறனீர்?"

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் சீதன வீட்டுக்கு வருவார். பிள்ளைகள் தாயின் ஊரில், அந்த ஊர்ப் பிள்ளைகளாகவே வளர்வார்கள். இவரும் எதிர் ஊரிலிருந்து அப்படி வந்தவர்தான். எங்கள் மகன் முகுந்தன் என் ஊருக்குத்தான் கோல் கீப்பர்.

"அது வேற," என்றேன்.

"எப்பிடி வேற? தகப்பன்ர ஊர்தான் கணக்கெண்டால் முகுந்தன் எங்கட ஆள். தாங்கோ, எங்களுக்கும் கீப்பர் இல்லை."

பாலாவுக்கு வேர்த்துவிட்டது. கோல் அடிக்க ஆள் வேண்டுமா, தடுக்க ஆள் வேண்டுமா?

கடைசியில் நிரோஷையே கூப்பிட்டோம்.

"அன்ரி, ஹொலண்டில கோச் சொன்னவர், எந்த நாட்டுக்கு விளையாடுறது எண்டது என்ர சொய்ஸ் எண்டு. இதுவும் அப்பிடித்தானே?"

"ஓம் ராசா, சொல்லு."

"நான் அப்பான்ர ஊர். அப்பாவை எல்லாரும் அம்மாவைக் காட்டி 'அவவின்ர மனுசன்' எண்டுதான் சொல்லுவினம். ஒருநாளாவது அவற்ற ஊர்ச் சனம் 'இவர் நிரோஷின்ர அப்பா' எண்டு சொல்லட்டும்."

என் வீட்டுக்காரர் பேப்பரை மறுபடி தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"அப்ப சரி, அவரவர் சொய்ஸ்," என்று பாலா தீர்ப்புச் சொன்னார். கையெழுத்துப் போட்டேன். நிரோஷ் எங்களுக்கு! முகுந்தன் எங்கே போகப் போகிறான்?

அன்று பின்னேரமே வந்து நின்றான்.

"அம்மா, இந்த வருசம் நானும் அப்பான்ர ஊர்."

"அடேய்! பெத்தவளுக்கு எதிராவோ?"

"அப்பாவும்தானே பெத்தவர்?"

சனிக்கிழமை மைதானத்துக்குள் நுழைந்ததும் எதிர்ப் பக்கத்தில் ஒருவர் கத்தினார். "கீப்பரின்ர அப்பா வாறார், கதிரையைக் குடுங்கோடா!" என் மனிதர் போய் நடுவில் இருந்தார். முதல் மட்டன் ரோல்ஸும் அவருக்குத்தான். நான் இந்தப் பக்கம், பாலாவுக்குப் பக்கத்தில்.

இறுதி ஆட்டமும் எங்கள் இரண்டு ஊருக்கும் இடையில்தான். முடிய இரண்டு நிமிடம் இருக்க, நிரோஷ் மூன்று பேரை வெட்டிக்கொண்டு போய் அடித்தான். முகுந்தன் பாய்ந்தான். விரலில் பட்டு உள்ளே போனது பந்து. எங்கள் சனம் துள்ளியது. தட்டுவதற்கு எடுத்த என் கை பாதியில் நின்றது... சேற்றுக்குள் விழுந்து கிடந்தது என் பிள்ளையல்லவா?

கோப்பை எங்களுக்கு. வென்றவள் நான் வாய் திறக்காமல் காரில் இருந்தேன். தோற்றவர்தான் கிங்ஸ்பரி வரைக்கும் பாடிக்கொண்டு வந்தார்!