மணிக்குப் பத்து ரூபாய்

மகளுக்கு மூச்சு இழுப்பு வருத்தம் கூடிய வருடம் பத்மாதேவி தட்டெழுத்தாளர் வேலையை விட்டாள். கணவர் நவரட்ணராஜா பேராதனை ஆஸ்பத்திரியில் மருந்தாளர். ஒருவரின் சம்பளத்தில் அம்பிட்டிய வீட்டு வாடகையும் மகளின் மருந்தும் போனால் கையில் ஒன்றும் நிற்காது. அது 2006. யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டியாயிற்று. ஊரிலிருந்து அரிசியோ காசோ வருமென்று இருக்கவும் வழியில்லை.

அவளுக்குக் கம்பளி பின்னத் தெரியும், ஆங்கிலம் எழுதத் தெரியும். பழைய கம்பியூட்டர் ஒன்றை வாங்கி, பின்னல் வேலை பற்றி ஒரு இணையத்தளம் தொடங்கினாள். அதைப் படிக்கிறவர்கள் அங்கிருந்தே வெளிநாட்டுக் கடையொன்றுக்குப் போய் ஊசியோ நூலோ வாங்கினால், நூற்றுக்கு ஐந்து அவளுக்கு. நூறு டொலர் சேர்ந்தால்தான் கடை காசோலை அனுப்பும்.

இணையம் டெலிபோன் வழியாகத்தான்; அதன் கட்டணம் விடியற்காலையில் பாதி. நாலரைக்கு எழும்பி, மகள் பள்ளிக்கூடம் போக ஆயத்தமாகும்வரை கம்பியூட்டருக்கு முன்னால் உட்காருவாள். முதல் மூன்று மாதத்தில் கிடைத்தது ஒரு டொலர் நாற்பது சதம். முதல் காசோலை வரப் பதினொரு மாதம் எடுத்தது. வங்கியில் அது மாறி வர இன்னும் ஆறு கிழமை.

"மணித்தியாலத்துக்கு எவ்வளவு விழுகுது?" என்று நவரட்ணராஜா கேட்டார். நக்கலாக இல்லை, உண்மையாகவே அறியத்தான் கேட்டார்.

உட்கார்ந்த நேரத்தையும் செய்த வேலையையும் அவள் ஒரு கொப்பியில் எழுதி வந்தவள். வங்கி கழித்ததும் டெலிபோன் பில்லும் போக ஐயாயிரம் ரூபாய். ஐந்நூறு மணித்தியாலம்.

"பத்து ரூபா" என்றாள்.

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "விடப்போறீரோ?"

"இல்லை. எங்க பிழை எண்டு பாக்கவேணும்."

பிழை கொப்பியிலேயே கிடந்தது. எழுதின நேரத்தைவிட, எவ்வளவு காசு சேர்ந்திருக்கிறது என்று போய்ப் பார்த்த நேரம் கூடுதல். ஒரு நாள் பதினொரு தரம் பார்த்திருந்தாள். அவளுக்கே வெட்கமாகிவிட்டது. இனிமேல் வெள்ளிக்கிழமை மட்டும் என்று முடிவெடுத்தாள். இன்னொன்றும் தெரிந்தது: நாற்பது பக்கம் எழுதியிருந்தும், பாதி வருமானம் ஒரே பக்கத்தால். குழந்தைக் காலுறையில் பின்னல் கண்ணி விட்டுப்போனால் எப்படிப் பிடிப்பது என்று அலட்சியமாக எழுதிப் போட்ட பக்கம். வடிவான சட்டைகளைப் பற்றி அவள் மினக்கெட்டு எழுதியவற்றை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதன்பிறகு பிழை திருத்துவதைப் பற்றியே எழுதினாள். 2008 தொடக்கத்தில் மாதம் ஒன்பதாயிரம், பத்தாயிரம் என்று வந்தது. மகளின் மருந்துச் செலவு அதில் போனது.

அந்த வருடம் கொழும்பில் குண்டு வெடித்த ஒரு கிழமையில் அம்பிட்டியத் தமிழ் வீடுகளில் சோதனை நடந்தது. அலுமாரிக்குள் வெளிநாட்டு முத்திரை ஒட்டிய கடித உறைகள் இருந்தன. அவளுடைய பெயருக்கு வந்தவைதான். ஆனாலும் பொலிஸார் கொண்டுபோனது கணவரையும் கம்பியூட்டரையும்.

மகளைப் பக்கத்து வீட்டு றிஸானாவிடம் விட்டுவிட்டு, கொப்பியோடும் வங்கித் துண்டுகளோடும் பத்மாதேவி பொலிஸ் நிலையத்துக்குப் போனாள். இரண்டு மணித்தியாலம் மர வாங்கில் உட்கார்ந்திருந்த பிறகு கூப்பிட்டார்கள்.

"முகம் தெரியாத ஆட்கள் உனக்கு எதற்குக் காசு அனுப்புகிறார்கள்?" என்று இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார்.

அவளும் சிங்களத்திலேயே சொன்னாள். முதல் தரம் அவருக்கு விளங்கவில்லை. காணி விற்கிற தரகரைச் சொல்லி, அதுபோல நூலுக்கு என்றாள். அவர் கொப்பியை வாங்கி வங்கித் துண்டுகளோடு ஒத்துப் பார்த்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது. கொப்பியில் இருந்த தொகையைவிட வங்கியில் விழுந்தது குறைவு.

"மிச்சம் யாருக்குக் கொடுத்தாய்?"

"வங்கி கழித்தது, ஐயா" என்று சொல்லி, துண்டின் அடியில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்த வரியைக் காட்டினாள்.

மறுநாள் பின்னேரம் நவரட்ணராஜாவை விட்டார்கள். சேர்ட்டில் இரண்டு பொத்தான் இல்லை. கம்பியூட்டர் விசாரணைக்கென்று நாலு மாதம் அங்கேயே நின்றது.

அந்த நாலு மாதமும் அவள் ஒரு வரியும் எழுதவில்லை. அப்படியிருந்தும் தபாலில் காசோலை வந்தது, வழக்கமான தொகைக்குப் பெரிய குறைவில்லாமல். எழுதி வைத்த பக்கங்கள் தங்கள் பாட்டில் உழைத்திருந்தன. சந்தோஷப்படவேண்டிய விஷயம். ஆனால் அந்த உறையை அலுமாரிக்குள் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"உதைக் கிழிச்சு எறியும், பத்மா. எங்களுக்கு வேண்டாம்" என்றார் நவரட்ணராஜா.

"நான் உழைச்சது. நான் கிழிக்கமாட்டன்."

இரண்டு நாள் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், காசோலை எங்கிருந்து, எதற்காக வந்தது என்று சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதி, பிரதியில் பொலிஸ் நிலையத்து முத்திரை வாங்கி, அதையும் காட்டித்தான் வங்கியில் போட்டாள். ஒவ்வொரு காசோலைக்கும் அப்படியே செய்தாள். அரை நாள் அதற்கே போகும். அந்த அரை நாளையும் கொப்பியில் வேலை நேரமாகவே எழுதினாள்.

யுத்தம் முடிந்து அடுத்த வருடம் வங்கியில் அந்தக் கடிதத்தைப் பார்ப்பதை நிறுத்தினார்கள். அவள் மேலும் ஏழெட்டு மாதம் எழுதிக் கொண்டுபோனாள். ஒருநாள் கவுண்டரில் இருந்த பெண்தான் சிரித்துக்கொண்டு, "இனி வேண்டாம், மிஸ்" என்று கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.