மூபிதா வாங்கிய லைக்

லிவிங்ஸ்டனில் எங்கள் ஆற்றோர விடுதியின் ஃபேஸ்புக் பக்கத்துக்கு எத்தனை லைக், எத்தனை கமெண்ட் என்று கணக்கெடுத்து, மாதாமாதம் முதலாளிக்குக் காட்டுவதுதான் லிசேலியின் வேலை. சூரியன் மறைவதைப் போட்டால் ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்காது.

போன மாதம் விடுதியின் படகோட்டி மூபிதாவை நீர்யானை கொன்றது. அவன் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டார்கள். எங்கள் ஊரில் சாவுக்குப் போக முடியாதவர்கள் படத்தின் கீழாவது இரண்டு வார்த்தை எழுதிவிடுவார்கள். ஊரே எழுதியது. மூபிதா லிசேலியின் தம்பி. அந்த அனுதாபத்தையும் அவள்தான் எண்ண வேண்டியிருந்தது.

தலைநகர் லுசாக்காவிலிருந்து வந்த முதலாளி கணக்கைப் பார்த்து மலர்ந்துபோனார். “அடேயப்பா, எங்கேயோ போயிட்டோமே! அப்படி என்னம்மா போட்டே?”

“செத்துப்போன என் தம்பி படம், பாஸ்.”

நல்ல மனிதரைப் போலத் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு கேட்டார்: “அவனோட வேற படம் ஏதாவது இருக்கா?”